செல்லாத லேப்

சொந்தக் காரை டிராக்குக்கு எடுத்துப் போகிறவன் முதலில் மாற்ற வேண்டியது டயர் இல்லை, பிரேக் ஆயில். நிறையப் பேருக்கு இது தெரியாது. ரோட்டில் மூன்று வருஷம் எந்தத் தொந்தரவும் தராத ஆயில், டிராக்கில் நாலாவது லேப் சுற்றும்போதே கொதித்துவிடும். அப்புறம் பெடலை மிதித்தால் ஈரப் பஞ்சை மிதிப்பது மாதிரி இருக்கும். வளைவு எதிரே வரும், கார் நிற்காது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் பெனிட்டோ. என் காருக்கு ஆயில் மாற்றிக் கொடுத்தவனும் அவன்தான். அன்றைக்கு என் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவன் வேலையை யாரும் சந்தேகப்படக் கூடாது.

ராஜபாண்டியன் சார், கிளப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்ற முறையில் அன்று ஓட்டிய பதினெட்டுப் பேரிடமும் நீங்கள் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல், பேசுவதுபோலவே டைப் செய்து அனுப்பினால் போதும் என்றீர்கள். மற்றவர்கள் அரைப்பக்கம் அனுப்பியிருப்பார்கள். என்னுடையது நீளமாக வரும். போலீஸில் என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்டார்கள். வெயில் கண்ணில் அடித்ததா, அவன் குறுக்கே ஓடி வந்தானா. இரண்டுக்கும் ஆமாம் என்றேன். இரண்டாவது உண்மை.

என் பெயர் தருண்குமார் என்பதும், தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் சீனிவாசகத்தின் மகன் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். எழுத்தில் இருக்கட்டும் என்று சொல்கிறேன். கம்பெனிக்குள் நான் அதிகம் போனதில்லை. வெடிமருந்து கலக்கும் அறைப் பக்கம் போனதே இல்லை. அந்த இடத்தில் எல்லோரும் மெதுவாக நடப்பார்கள், மெதுவாகப் பேசுவார்கள், ஒரு டப்பாவைக்கூடத் தரையில் இழுக்க மாட்டார்கள். எனக்கு அங்கே பத்து நிமிஷம் நின்றால் கால் அரிக்கும்.

டிராக் அப்படி இல்லை. சாத்தூருக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவே, யாரோ டயர் சோதிக்கப் போட்டுவிட்டுக் கைவிட்ட அந்த இரண்டு கிலோமீட்டர் ரோட்டுக்கு முதல் தடவை என் காரை எடுத்து வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாலுவழிச் சாலையில் நூற்றைம்பதில் போவதெல்லாம் ஒன்றும் இல்லை. அங்கே நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். டிராக்கில் எழுபதில் ஒரு வளைவைத் திரும்பும்போது காரின் எடை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறுவது உடம்பில் தெரியும். வண்டி எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்று தெரியும். ஓட்டுகிறவன் எந்த இடத்தில் பொய் சொல்கிறான் என்பதும் தெரியும். ஸ்டாப்வாட்ச்சுக்கு சீனிவாசகம் மகன் என்றெல்லாம் கிடையாது. அது எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் எப்போதும் நேர்மையான போட்டியைத்தான் விரும்பினேன்.

நஷ்டம் என்று பார்த்தால், டிராக்கில் இடித்தால் இன்ஷூரன்ஸ்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பிரேக் பேட் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் தேய்ந்துவிடும். காலையில் எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறோம், எது நடந்தாலும் எங்கள் பொறுப்பு என்று. பெனிட்டோவும் போட்டான். அவனுக்கு முன்னால் நான் போட்டேன், பேனாவை நான்தான் அவனிடம் கொடுத்தேன்.

தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியிருந்த நேரம். ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார்.

"ஏலே, கோயம்புத்தூர்லருந்து ஒரு அம்மா ரேஸ் சீட்டு குடுக்குறாகன்னு சொன்னேல்ல. அது கெடச்சா ஓட்டு, நான் ஒண்ணும் சொல்லல. கெடைக்கலேன்னா காரை வித்துட்டு, கம்பெனி தொறக்குற அன்னிக்கு தாயில்பட்டில வந்து உக்காரு. மருந்து ரூமுலருந்து ஆரம்பி."

அப்பா கோபமாகச் சொல்லவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார். அவர் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்ன எதையும் இதுவரை மாற்றியதில்லை.

அந்த அம்மா வேல்விழி மேடம். அன்றைய டிராக் டேயில், சொந்தக் காரில் யார் மிகக் குறைந்த நேரத்தில் ஒரு லேப் ஓட்டுகிறார்களோ, அவருக்குத் தன் டீமில் ஒரு வருஷம் இடம் தருவதாக அவர் அறிவித்திருந்தார். ஒரே ஒரு இடம். ஆக, என் முன்னால் இருந்தது இரண்டு அறை. ஒன்றில் வேல்விழி மேடத்தின் கார். மற்றொன்றில் அலுமினியத் தூள்.

பெனிட்டோ மட்டும் இல்லாவிட்டால் அந்த இடம் எனக்குத்தான். இதை நான் பொறாமையில் சொல்லவில்லை, நேரங்கள் உங்களிடமே இருக்கின்றன.

பெனிட்டோவுக்கு என் வயதுதான், இருபத்தைந்து. சாத்தூர் பழைய ரோட்டில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். அவன் கார் பதினைந்து வருஷப் பழசு. லாரியில் மோதி நசுங்கிக் கிடந்ததை எடைக்கு வாங்கி, ஒவ்வொரு தகடாகத் தட்டி நிமிர்த்தியது. இரண்டு கதவும் இரண்டு நிறம். என் காரில் இருப்பதில் பாதிக் குதிரைசக்திகூட அதில் இல்லை. ஆனால் அந்த டிராக்கில் ஒன்பது வளைவு. குதிரைக்கு ஓட இடம் கிடையாது. அவன் என்னைவிட எப்போதும் முக்கால் விநாடி வேகம்.

முக்கால் விநாடி என்பது என்ன என்று டிராக்குக்கு வராதவர்களுக்குப் புரியாது. ஒரு தும்மல். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே தும்மல் என்றால், அது உன் மேல் விழுகிற மாதிரி இருக்கும்.

அவன் அதை ஒளித்து வைக்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான். ஒருநாள் என் காரில் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, கடைசி வளைவான ஒன்பதைத் தாண்டியதும் சிரித்தான்.

"சின்ன மொதலாளி, ஒன்பதுல எதுக்கு பிரேக்குல கால வைக்கீக? லேசா கால எடுத்தாப் போதும், வண்டி தானா திரும்பும். அப்புறம் வலது ஓரத்துல மூணடி விட்டுட்டுப் போறீக. அங்கன இருக்க டயர் அடுக்க உரசுற மாதிரி போங்க. அந்த மூணடிதான் ஒங்க முக்கா விநாடி."

"ஒரசிட்டா?"

"ஒரசுனா நான் இருக்கேன்ல, தட்டி நிமித்திருவேன். ஒங்க காலுக்கு ஒங்க மேல நம்பிக்கை இல்ல, அம்புட்டுதான்."

என்னால் முடியவில்லை. பல ஞாயிற்றுக்கிழமை முயன்றேன். ஒன்பது வரும்போது கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். மூன்றடி தானாக விழுந்துவிடும். கால் என் பேச்சைக் கேட்காது. இந்த விஷயத்தில் பெனிட்டோவுக்கும் எனக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. அவன் காலும் அவன் பேச்சைக் கேட்காது.

அதை விளக்க அவன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞானபூரணி எங்கள் கம்பெனியில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவர். காலையில் வேனில் வந்து இறங்கும் புதுப் பெண்களுக்கு முதல் நாள் பாடம் அவருடையது. எங்கள் அறைகளில் ஒவ்வொன்றுக்கும் எதிரெதிரே கதவு இருக்கும், பூட்டே கிடையாது. அறைகளைத் தாண்டி வெளியே கம்பி வேலி. அவர் ஒவ்வொருத்தியையும் அறைக்குள் உட்கார வைத்து, எழுப்பி, ஓட விடுவார். நான் சின்ன வயதில் ஆபீஸ் ஜன்னலிலிருந்து அதை வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

"பொக வாசன வந்துச்சுன்னா யோசிக்காத. எந்தப் பக்கம் வாசனையோ அதுக்கு எதிர்க்கதவு. வேலியத் தொடுற வரைக்கும் நிக்காத, திரும்பிப் பாக்காத. திரும்பிப் பாத்தவ வீட்டுக்குப் போனதில்ல."

வேலியைத் தொட்ட பிறகுதான் திரும்ப அனுமதி. தொடாமல் நின்றவளை மறுபடி ஓட விடுவார். சாப்பாட்டு நேரம் வரை ஓட விடுவார்.

பத்தொன்பது வயதில் பெனிட்டோ ஒரு தீபாவளி சீசனுக்கு எங்களிடம் வேலைக்கு வந்தான். அவனுக்கும் அம்மாதான் பாடம் நடத்தினார். அந்த சீசனில் ஓர் அறை போனது. அவன் வேலியைத் தொட்டுத் திரும்பியபோது அறை இல்லை. உள்ளே இருந்த மற்றவர்களும் இல்லை. அறைக்கு நாலு பேர் என்பது விதி. அன்றைக்கு அதில் ஏழு பேர் இருந்தார்கள். ஆர்டர் முடிய வேண்டும் என்று இன்னும் மூன்று பேரை உள்ளே உட்காரச் சொன்னது யார் என்று விசாரணையில் அவனைக் கேட்டார்கள். தெரியாது என்றான். அவனுக்குத் தெரியும். அப்பா ஊரில் இல்லாத வாரம், ஆபீஸில் உட்கார்ந்து போனில் சொன்னவன் நான். அவன் அம்மா எங்களிடம் தொடர்ந்து வேலை பார்க்க வேண்டியிருந்தது, அவன் வாயைத் திறக்கவில்லை. பிறகு எத்தனையோ நாள் என் காருக்கு அடியில் படுத்திருக்கிறான், ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. நல்ல பையன். எனக்கு அவன் மேல் எப்போதும் மரியாதை உண்டு.

போன ஆடி மாதம் ஒரு மத்தியானம். அவன் ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜீப்பின் ஒயரிங் லேசாகப் புகைந்தது. தீ இல்லை, வாசனைதான். ஜீப்புக்கு அடியில் இருந்த பெனிட்டோ ஸ்பேனரைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினான். வாசல் வழியாக, ரோட்டுக்குக் குறுக்கே, பார்க்காமல் ஓடினான். செங்கல் லாரி ஒன்று கிறீச்சென்று பிரேக் அடித்து அவன் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவன் அதைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே பள்ளிக்கூடச் சுவரை உள்ளங்கையால் தொட்டான். அதற்குப் பிறகுதான் திரும்பினான். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே வந்தான்.

"மண்டைக்கு முன்னாடி காலு ஓடிருது சின்ன மொதலாளி. எங்கம்மா போட்ட சாவி. கழட்ட முடியல."

நானும் சிரித்தேன். லாரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை, அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டிருந்தார்.

இனி அன்றைய நாள்.

காலை எட்டு மணிக்கு நீங்கள் எல்லோரையும் நிழலில் நிறுத்திப் பேசினீர்கள். நான் நன்றாகக் கவனித்துக் கேட்டேன், நீங்கள்கூட அதைப் பாராட்டினீர்கள். முந்தின வாரம் பெய்த மழையில் கரிசல் இன்னும் உழுத வயல் மாதிரி இருக்கிறது, ரோட்டை விட்டு இறங்கினால் வண்டி புதைந்துவிடும், அதனால் வண்டியில் எந்தக் கோளாறு வந்தாலும் எட்டாம் வளைவைத் தாண்டி, ஒன்பதுக்கு முன்னால், இடதுபுறம் ஜல்லி போட்ட இடத்தில் மட்டும் நிறுத்த வேண்டும் என்றீர்கள். நிறுத்தியவர் பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருக்க வேண்டும், கொடியோடு ஓரத்தில் நிற்கும் மார்ஷல் வருவார் என்றீர்கள். ஓடுகிற டிராக்கில் காரை விட்டு இறங்கினால் அந்த ஆளின் அன்றைய நேரம் எல்லாம் ரத்து என்றீர்கள். மூன்று விஷயம். மூன்றும் நல்ல விதிகள்.

காலை செஷனில் பெனிட்டோ ஒரு நிமிஷம் பத்தொன்பது புள்ளி ஆறு. நான் இருபது புள்ளி நாலு. வேல்விழி மேடம் அவன் காரைச் சுற்றி நடந்து, இரண்டு நிறக் கதவையும் பார்த்துச் சிரித்து, அவன் போன் நம்பரை வாங்கிக்கொண்டதை நான் பார்த்தேன். என் காரையும் பார்த்தார். நல்ல கார் என்றார். காரைத்தான் சொன்னார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெனிட்டோ காரை விட்டு இறங்கினால் அவன் நேரம் ரத்து. அவ்வளவுதான் யோசனை. யாருக்கும் அடிபட வேண்டாம், எதுவும் உடைய வேண்டாம். அவன் வண்டிக்குள் கொஞ்சம் புகை வாசனை வந்தால் போதும்.

எங்கள் கம்பெனிப் பட்டாசுத் திரி ஒரு சாண் நீளம் என்னிடம் இருந்தது. அதை அவன் காரின் இடது பக்கம், முன் சீட்டுக்குக் கீழே, என்ஜின் சூடு இறங்குகிற தகட்டை ஒட்டிச் சொருகினேன். மூன்று நாலு லேப் ஓடினால் அந்தத் தகடு தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். நான் அதைச் செய்துகொண்டிருந்தபோது பெனிட்டோ இருபதடி தள்ளி என் காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, என் டயர்களில் காற்று பார்த்துக்கொண்டிருந்தான். சூட்டில் காற்று கூடியிருக்கும், ரெண்டு புள்ளி இறக்கினால் பிடிப்பு நன்றாக இருக்கும் என்று அங்கிருந்தே சொன்னான். சரி என்றேன்.

மேலே, யோசனை மத்தியானம்தான் வந்தது என்று எழுதினேன். திருப்பிப் படிக்கும்போது அது சரியில்லை என்று தெரிகிறது. கம்பெனி பூட்டிக் கிடந்தது. திரி என்பது சட்டைப்பையில் தானாக வந்து உட்காரும் பொருள் இல்லை. பத்து நாளைக்கு முன்பே வாட்ச்மேனிடம் சாவி வாங்கி எடுத்து வந்தேன். என் காரிலேயே இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன், நாலுவழிச் சாலையில். இரண்டு தடவையும் தீ வரவில்லை, புகை மட்டும்தான். அவனுக்குத் தீக்காயம் படக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன் என்பதற்கு இது சாட்சி.

மாலை செஷனில் அவனை முதலில் போகவிட்டேன். பத்து விநாடி இடைவெளி விட்டு நான் கிளம்பினேன். முதல் மூன்று லேப் இருவருக்கும் சாதாரணம். நாலாவது லேப்பில், ஏழாம் வளைவுக்கு வரும்போது, தூரத்தில் அவன் காரின் இடது ஜன்னலிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு வருவது தெரிந்தது.

இங்கே நான் அவனை மெச்ச வேண்டும். வாசனை வந்த உடனே அவன் நடு ரோட்டில் நிறுத்தவில்லை. நீங்கள் சொன்னதுபோலவே எட்டைத் தாண்டி, சிக்னல் போட்டு, இடதுபுறம் ஜல்லியில் அழகாக ஒதுக்கி நிறுத்தினான். வண்டி ஓடும்வரை அவன் டிரைவர். வண்டி நின்ற பிறகு அவன் எங்கள் மருந்து அறைக்காரன். இரண்டு ஆளும் ஒரே சட்டைக்குள் இருந்தார்கள்.

வாசனை இடது பக்கம். எதிர்க்கதவு வலது பக்கம். நம் ஊர்க் கார்களில் டிரைவர் கதவே அதுதான். இடதுபுறம் ஒதுக்கி நிறுத்திய காரில் அந்தக் கதவு டிராக்கைப் பார்த்துத் திறக்கும். டிராக்குக்கு அந்தப் பக்கம் ஒன்பதின் டயர் அடுக்கு, அதை ஒட்டிக் கம்பி வேலி. நீங்கள் அந்த ஜல்லி இடத்தைக் காட்டியபோதே இது எனக்குத் தெரிந்துவிட்டது. போன மாதக் கூட்டத்திலும் அதே இடத்தைத்தான் காட்டினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, உங்களுக்கு எங்கள் கம்பெனி வேலி தெரியாது.

எட்டாம் வளைவில் மார்ஷல் மஞ்சள் கொடி காட்டினார். பார்த்தேன். வெயில் எனக்குப் பின்னால் இருந்தது. போலீஸில் யாரும் எந்தத் திசை என்று கேட்கவில்லை. மஞ்சள் கொடிக்கு வேகத்தைக் குறைக்காவிட்டால் முதல் தடவை எச்சரிக்கை மட்டும் என்று விதித்தாளில் இருக்கிறது. எனக்கு அதற்கு முன் எச்சரிக்கை எதுவும் கிடையாது.

ஒன்பதை நெருங்கும்போது அவன் கதவு திறந்தது. அவன் இறங்கினான். அந்த நொடியில் அவன் நேரமெல்லாம் ரத்து. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நான் பிரேக்கில் கால் வைத்திருக்கலாம்.

ஆனால் சார், அந்த லேப் வித்தியாசமாக வந்துகொண்டிருந்தது. ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரு தப்பும் இல்லை. டயர் தரையைக் கவ்விப் பிடித்தது, அவன் இறக்கிய அந்த இரண்டு புள்ளிக் காற்று. ரோட்டோடு ஓடும் ஒவ்வொரு வளைவும் கைக்குள் வந்து உட்கார்ந்தது. டேஷ்போர்டில் ஓடும் நேரத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு லேப் ஓட்டியதில்லை. அவன் நேரம் ரத்தானால் நான் ஜெயிப்பேன்தான், ஆனால் அது ரத்தானதால் ஜெயித்தது ஆகிவிடும். அவன் நேரத்தையே முறியடித்து ஜெயித்தால் அது வேறு. நான் நேர்மையான போட்டியை விரும்புகிறவன் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

காலை லேசாக எடுத்தேன். பிரேக்குக்குப் போகவில்லை. முதல் தடவையாகக் கால் என் பேச்சைக் கேட்டது. வண்டி தானாகத் திரும்பியது, அவன் சொன்னபடியே. வலது ஓரத்தில் மூன்றடி விடவில்லை. டயர் அடுக்கை உரசுவதுபோல் போனேன்.

அவன் அந்த மூன்றடிக்குள் இருந்தான். குறுக்கே ஓடி முடித்துவிட்டான், வேலிக்கு ஒரு எட்டுதான் பாக்கி. என் என்ஜின் சத்தம் அவனுக்கு நிச்சயம் கேட்டிருக்கும், அதை அவனே ட்யூன் செய்தது. திரும்பவில்லை. வலது கை முன்னால் நீண்டிருந்தது, உள்ளங்கை விரிந்திருந்தது.

வழக்கம்போல் பயந்து ஓட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். நான் நல்ல டிரைவரான நாள் அவனுக்கு ஆகவில்லை.

முடிவுக் கோட்டைத் தாண்டும்போது முன் கண்ணாடி முழுக்க விரிசல், எதுவும் தெரியவில்லை. டேஷ் மட்டும் தெரிந்தது. ஒரு நிமிஷம் பத்தொன்பது புள்ளி மூன்று. அதற்கும் பிறகுதான் செஷனை நிறுத்தும் சிவப்புக் கொடி விழுந்தது. ரெக்கார்டிங்கில் பாருங்கள், நான்கு விநாடி இடைவெளி இருக்கிறது.

அடக்கத்துக்குப் போனேன். தாயில்பட்டி கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதிகம், பூட்டியிருந்த கம்பெனிகளிலிருந்து எல்லாம் ஆள் வந்திருந்தார்கள். ஞானபூரணி அழுது முடித்து, ஒரு வேப்பமரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், பழக்கம். நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"தம்பி, நீங்கதான பின்னாடியே வந்தீக. ஒங்களத்தான் கேக்கணும்னு இருந்தேன். எம்மவன் வேலியத் தொட்டுட்டானா?"

"தொட்டுட்டான் பூரணக்கா."

"திரும்பிப் பாத்தானா?"

"இல்ல."

"அப்ப நான் சொல்லிக் குடுத்தத சரியாத்தான் செஞ்சிருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெறகு எப்படித் தம்பி?"

அவர் கேட்ட முதல் கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் மூன்றடி பாக்கி என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் நிம்மதிக்காக மாற்றிச் சொன்னேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பெரிய பொய் அது ஒன்றுதான், அதுவும் அடுத்தவருக்காக.

இவ்வளவையும் நான் ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் யோசிக்கலாம். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. போலீஸ் விபத்து என்று எழுதி முடித்துவிட்டது. எரிந்த திரி சாம்பலைக்கூட யாரும் தேடவில்லை; பழைய வண்டி, ஒயரிங் கோளாறு என்று நீங்களே சொன்னீர்கள். அப்பா என் தோளைத் தடவிக் கொடுத்தார். அவர் தடவிக் கொடுத்து எனக்கு ஞாபகமே இல்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை நீங்கள் அனுப்பிய முடிவுப் பட்டியலைப் பார்த்தேன். விபத்தின் காரணமாக நிறுத்தப்பட்ட செஷனில் எடுத்த நேரங்கள் செல்லாது என்ற விதியைக் காட்டி, மாலை நேரங்களை முழுவதும் நீக்கியிருக்கிறீர்கள். அதனால் முதல் இடம் பெனிட்டோ, பத்தொன்பது புள்ளி ஆறு. இரண்டாவது நான், இருபது புள்ளி நாலு. வேல்விழி மேடம் இந்த வருஷம் அந்த இடத்தை யாருக்கும் தராமல் காலியாக விடப்போவதாகவும், அடுத்த கூட்டத்தில் கோப்பையை அவன் அம்மா கையில் கொடுக்கப்போவதாகவும் கேள்விப்பட்டேன். கம்பெனி வருகிற திங்கட்கிழமை திறக்கிறது. எனக்கு மருந்து அறைக்கான காட்டன் சட்டை தைத்து வந்துவிட்டது.

பட்டியலில் இரண்டு தவறு இருக்கிறது. முதலாவது, பெனிட்டோ ஓடுகிற டிராக்கில் காரை விட்டு இறங்கினான். விதிப்படி அவனுடைய அன்றைய நேரம் ரத்து. நீங்கள் இரக்கப்பட்டு விட்டுவிட்டீர்கள். இரக்கத்தை நான் குறை சொல்லவில்லை, ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவதற்காகத்தான் இவ்வளவு நீளம் எழுத வேண்டியிருந்தது. விதியில் இருக்கிற சொல் விபத்து. அன்று நடந்தது விபத்து இல்லை என்பதை மேலே ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறேன். திரியை நான் வைத்தேன். அவன் எங்கே நிறுத்துவான், எந்தக் கதவைத் திறப்பான், எந்தப் பக்கம் ஓடுவான் என்று எனக்குத் தெரியும். கொடியைப் பார்த்தேன். அவனைப் பார்த்தேன். பிரேக் நன்றாக இருந்தது, மிதிக்கவில்லை. வேண்டுமானால் இதை நீங்கள் போலீஸிடம் கொடுங்கள், அவர்களுக்கு என்ன செய்ய வேண்டுமோ செய்யட்டும், அது தனி விஷயம். கிளப்பின் விஷயம் நேரம் மட்டும்தான்.

ஆகவே அந்த செஷனைச் செல்லுபடியாக்கி, ஒரு நிமிஷம் பத்தொன்பது புள்ளி மூன்றை என் பெயருக்கு நேரே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்தவன் நேரம் எனக்கு வேண்டாம். அந்த லேப்பை நான் யார் உதவியும் இல்லாமல் ஓட்டினேன்.